ஈறின் தலையில் போட்ட பழி

கல்லீரலில் கொழுப்பு, கிரேடு இரண்டு என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும், பழி போட ஆள் தேடினேன். ராத்திரி பரோட்டா, சாயங்கால பஜ்ஜி, நாற்காலியை விட்டு எழாத வேலை எல்லாம் கண்ணெதிரே நின்றன. நான் பிடித்தது ஈறை.

அதன் மேலும் குற்றம் உண்டு. பல் துலக்கித் துப்பினால் எச்சில் சிவக்கும். சூட்டு உடம்பு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். கிளீன் செய்தால் பல் ஆடும் என்று வீட்டில் சாக்குச் சொன்னேன். நிஜத்தில் பயம், பாதி சோம்பல்.

அப்புறம்தான் 2012-இல் வெளியான ஜப்பானிய ஆய்வைப் படித்தேன். ஈறு நோய்க்கிருமியான போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ், கொழுப்புக் கல்லீரல்காரர்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேரின் வாயில் இருந்ததாம். மற்றவர்களில் 22 சதவீதம். புண்ணான ஈறு வழியாகக் கிருமி ரத்தத்தில் கலக்கலாம். எச்சிலோடு உள்ளே போனால் குடலைக் கெடுத்து, அங்கிருந்து நச்சு நேரே கல்லீரலுக்குப் போகலாம். ஈறு வைத்தியம் செய்த சிலருக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவான எஸ்.ஜி.பி.டி. குறைந்ததாகவும் அதில் இருந்தது.

எனக்கு அது ஜாமீன் உத்தரவு மாதிரி இருந்தது. ஸ்கேலிங் செய்துகொண்டேன். பல்லிடுக்கில் கல் போலப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார் டாக்டர். ரத்தக்கசிவு நின்றது. கல்லீரல் கணக்கும் தீர்ந்தது என்று பரோட்டாவைத் தொடர்ந்தேன். ஆபீஸில் எல்லோருக்கும் ஈறு உபதேசம் வேறு.

இதைப் பற்றிய ஆராய்ச்சிகளில் எனக்கு வேண்டாததைத் தாண்டிப் போனேன். சர்க்கரை, பருமன், புகை ஆகியவை ஈறையும் கெடுக்கும், கல்லீரலையும் கெடுக்கும். அதனால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது சுலபமில்லை. எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையும், 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் அழற்சியும் தணியும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. 85 கிலோக்காரனான எனக்கு அது ஆறிலிருந்து எட்டரை கிலோ.

அடுத்த டெஸ்டில் எஸ்.ஜி.பி.டி. குறைந்தால் ஈறு வைத்தியத்தைப் புகழவும், கூடினால் பல் டாக்டரைத் திட்டவும் தயாராக இருந்தேன். எடை மெஷினில் மட்டும் ஏறவில்லை.