மார்ச் முதலாந் திகதியைக் கேட்டுப் பாருங்கள்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு நகரத்து வகுப்புகளிலும் ஜாவா படிக்கும் பிள்ளைகள் பலர் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, யூனிட் டெஸ்டிங்கை எங்கிருந்து தொடங்குறது?" உங்கள் கையிலிருக்கும் தேசிய அடையாள அட்டையிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து 12 இலக்கம். ஆண்டு முழுதாக வருகிறது. இதிலிருந்து பிறந்த திகதியை எடுக்கும் மெதட்டை எழுதிய பிள்ளை தன் இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கும். ஜனவரியில் பிறந்திருந்தால் விடை சரியாகவே வரும். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடும்.

1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணை எடுங்கள். அட்டையில் 561, ஐந்நூறைக் கழித்தால் 61. ஜாவாவின் லோக்கல்டேட்டிடம் அந்த ஆண்டின் 61ஆவது நாளைக் கேட்டால் மார்ச் 2 என்கிறது. அட்டைக் கணக்கில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். ஜாவாவுக்கு 1985இல் 28தான். புரோகிராம் நிற்காமல் ஓடும், பிழைச் செய்தியும் வராது. ஒரு மனுசியின் பிறந்த நாள் மட்டும் மாறிப் போயிருக்கும். வயதை வைத்துக் கொடுக்கும் எதுவும் அவருக்குப் பிந்தலாம்.

இதைப் பிடிக்க ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியில் மூன்று நான்கு வரி போதும். மேலே @டெஸ்ட், உள்ளே அசெர்ட்ஈக்குவல்ஸ், எதிர்பார்ப்பது முதலில், கிடைத்தது அடுத்து. சோதனை தோற்றுச் சிவப்பு விழுந்தால் மெதட்டைத் திருத்திப் பச்சையாக்குங்கள். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன விமானப் பயணத்தில் எழுதத் தொடங்கிய கருவி இது. அதுவும் சின்னதாகத்தான் தொடங்கியது.

நம்ம வாவிக்கரையில் வலையின் கிழிசலைக் கட்டிய பிறகுதான் தோணியைத் தள்ளுவார்கள். சோதனை எழுதுவதும் அப்படித்தான். சரியாய் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துப் பயனில்லை, கிழியக்கூடிய இடத்தில் கை வைக்க வேண்டும். தன் வேலையைத் தானே விசாரிக்கும் இந்தக் குணம் இளவயதில் வந்தால்தான் நிலைக்கும்.

பிள்ளைகளே, மார்ச் 1க்கு ஒரு சோதனை, நெட்டாண்டான 1984க்கு ஒன்று, அட்டையில் 366 என்று வரும் 1985 டிசம்பர் 31க்கு ஒன்று இன்றைக்கே எழுதுங்கள்.