டாங்கி ஊரில் பியானோ ஆசை

ஆவடி என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டைச் சொல்வார்கள். தேபர் தலைமை வகிக்க, சோஷலிஸ பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்களே, அந்த ஆவடி! மற்றவர்களுக்கு டாங்கிதான். 1965-ல் 'விஜயந்தா' டாங்கி உருண்டு வெளியே வந்தது இங்கேதான்.

இந்த ஊரில் குடியிருக்கும் உங்கள் பெண் ஒரு நாள், "அம்மா, நான் பியானோ வித்வாம்சினி ஆகப் போகிறேன்" என்றால் என்ன செய்வீர்கள்? "அது சோறு போடுமா?" என்று அவள் அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான்.

மின்சார ரயில் ஏறுங்கள். சுமார் முக்கால் மணியில் மூர் மார்க்கெட் நிலையம். அங்கிருந்து அண்ணா சாலைக்குப் போனால் மியூஸி மியூஸிகல் கடை. 1842-ல் மிஸ்க்வித் என்பவர் தொடங்கியது. லண்டன் டிரினிடி கல்லூரிப் பரீட்சைக்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்கிற இடம். அங்கே பியானோவின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெளியே 88 கட்டைகள். உள்ளே இருநூற்றுக்கு மேல் தந்திகள். அவை இழுக்கிற இழுப்பு டன் கணக்கில் இருப்பதால், தாங்குவதற்கு வார்ப்பிரும்புச் சட்டம். டாங்கி ஊருக்குப் பொருத்தமான வாத்தியம்தான், போங்கள்!

ஆனால் வீணைத் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பது போல இதில் முடியாது. கட்டையை அழுத்தினால் ஒரே ஸ்வரம்; அதுவும் மெல்லத் தேய்ந்துவிடும். சென்னைப் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன் இதற்கு ஒரு வழி கண்டார். குழலிசைச் சகோதரிகளில் ஒருவரான சிக்கில் குஞ்சுமணியின் பேரன் குருசரண் கர்நாடக கீர்த்தனை பாட, இவர் பியானோவில் துணை நிற்கிறார். குரல் வளைகிற இடத்தில் குறுக்கே வருவதில்லை. அவர் வாசிக்காமல் விடுகிற இடங்களே என் காதுக்கு அழகாகப் படுகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை வழியாகப் பாடம் சொல்லும் 'ராப்ஸடி' நிறுவனமும் அவருடையதே. அப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது. எந்தத் தேசத்திலும் பியானோக்காரர்கள் பலர் கச்சேரியோடு பாடமும் சொல்லிக் கொடுத்துத்தான் பிழைக்கிறார்கள்.

நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, கை காட்டி நடத்துபவர் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதைச் சேம்பர் இசை என்கிறார்கள். நம் மேடையில் மிருதங்கக்காரர் பாடகரைக் கவனிப்பாரே, அந்த மாதிரி.

நவீன இசை விசித்திரமானது. அமெரிக்கரான ஜான் கேஜ், பியானோத் தந்திகளுக்கு நடுவே திருகாணியும் ரப்பரும் செருகி, 1946 முதல் 1948 வரை ஒரு தொகுதி இயற்றினார். கருப்பொருள் என்ன தெரியுமா? நம் நவரசம்! கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் நூல்களில் படித்தது. ஆமதாபாத் பெண்மணி கீதா சாராபாய் நியூயார்க் போயிருந்தபோது, அவரிடம் இந்திய சங்கீதமும் கற்றார் கேஜ்.

ஆவடியில் சிறிய வீடு என்றால், நிஜப் பியானோ வேண்டாம். நம் ஈரக்காற்றில் மரம் உப்பிச் சுருதி கலையும். கீபோர்டு போதும். 88 கட்டை உள்ளதா, அழுத்தினால் விரலுக்குக் கனம் தெரிகிறதா என்று பாருங்கள். வாங்கப் போகும்போது மறக்காமல் பெண்ணையும் அழைத்துப் போங்கள். அந்தக் கனத்தை அவள் விரல்தான் சொல்ல வேண்டும்.