பாலக்காட்டு மழையும் கிளாஸ்கோ துரைகளும்

பாலக்காடு கோட்டைக்குள் நுழைகிறவர்களில் பலர் அங்கிருக்கும் அனுமாரைக் கும்பிடத்தான் வருகிறார்கள். மிச்சப்பேர் அகழியோரம் நடைப்பயிற்சிக்காரர்கள். எனக்கு வேண்டியிருந்தது வாசல்கள். ஹைதர் அலி 1766-இல் எழுப்பிய இந்தக் கோட்டை 1783 நவம்பரில் விழுந்தது வாசல் வழியாகத்தான்.

முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படைக்குத் தலைவர் கர்னல் வில்லியம் ஃபுல்லார்ட்டன், ஸ்காட்லாந்துக்காரர். வெளியரணில் காவல் நின்ற மைசூர்ச் சிப்பாய்கள் கொட்டிய மழைக்கு ஒதுங்கினார்கள். அந்த நேரம் பார்த்து கேப்டன் தாமஸ் மெய்ட்லண்ட் தன் ஆட்களோடு பாய்ந்து, முதல் வாசலையும் இரண்டாம் வாசலையும் தாண்டிவிட்டார். மூன்றாவதில்தான் தடுத்தார்கள். அதற்குள் உள்ளே இருந்தவர்களுக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று, கோட்டையைக் கொடுத்துவிட்டார்கள். இந்த மெய்ட்லண்டும் ஸ்காட்லாந்துக்காரர்தான். பிற்பாடு இலங்கைக்கு ஆளுநராகப் போனவர்.

அவரோடு வாசலுக்குள் ஓடியவர்கள் 78-ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவினர். ஸ்காட்லாந்து வடக்கு மலைநாட்டின் ஏழைக் குடியானவர்கள். 1746-இல் கலடன் போர்க்களத்தில் அந்த மலைநாட்டுக் குலங்களின் கலகத்தை லண்டன் நசுக்கியது. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, பரம்பரை உடையான கில்ட்டைக் கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. கட்ட ஆசைப்பட்டவனுக்கு ஒரே வழி, அரசரின் பட்டாளத்தில் சேர்வது. உடைத் தடையை நீக்கியது 1782-இல். பாலக்காட்டுக் கோட்டை விழுவதற்கு முந்தின வருஷம்.

அவர்கள் ஆசையாகக் கப்பலேறி வரவுமில்லை. 1778-இல் எடின்பரோவில், ‘நம்மைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்’ என்ற பேச்சு பரவி, இதே படைப்பிரிவு கப்பலேற மறுத்துப் பக்கத்துக் குன்றில் போய் உட்கார்ந்துகொண்டது. சமாதானம் பேசி இறக்கினார்கள். மூன்று வருஷம் கழித்து இந்தியாவுக்கே அனுப்பினார்கள். வழியில் ஸ்கர்வி நோய்க்கு இருநூறு பேருக்கு மேல் கடலில் செத்தார்கள். பிழைத்தவர்கள் வந்து ஏறிய படிகளில் இன்று கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே பாலக்காடு ஜங்ஷன். பழைய பெயர் ஒலவக்கோடு. 1921 நவம்பரில் மலபார் மாப்பிளை முஸ்லிம்களின் கலகத்தில் பிடிபட்டவர்களைத் திரூரில் காற்றுப்புகாத சரக்குப் பெட்டியில் நூறு பேராக அடைத்துப் போத்தனூருக்குக் கொண்டுபோன ரயில் இந்த வழியாகத்தான் வந்தது. எழுபது பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு பூக்கோட்டூரில் மாப்பிளைகளைச் சுட்டுத் தள்ளியது லீன்ஸ்டர் ரெஜிமெண்ட். லீன்ஸ்டர் அயர்லாந்தின் ஒரு மாகாணம்; ஸ்காட்லாந்து மலைநாட்டைப் போலவே லண்டனிடம் அடிபட்ட நாடு அது. அந்தக் கோடையில்தான் அயர்லாந்தில் விடுதலைப் போர் ஓய்ந்து லண்டனோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மறுவருஷம் ஐரிஷ் சுதந்திர நாடு பிறக்க, லீன்ஸ்டர் படைப்பிரிவே கலைக்கப்பட்டது.

எல்லா ஐரிஷ்காரர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 1920-இல் ஜலந்தரிலும் சோலனிலும் கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவின் சிப்பாய்கள், தங்கள் ஊரில் ஆங்கிலேயர் செய்யும் அட்டூழியத்தைக் கண்டித்து வேலை செய்ய மறுத்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற இளைஞரை அதற்காகச் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் அந்தச் சிப்பாய்கள் அழுதது அயர்லாந்துக்காகத்தான், பஞ்சாபுக்காக அல்ல. அடிபட்டவனுக்கு அடுத்தவன் வலி தெரியும் என்பது நாமாக வளர்த்துக்கொண்ட நம்பிக்கை. பாலக்காட்டில் அதற்குச் சாட்சி கிடைக்கவில்லை.

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வருவதுதான் எனக்குப் பிடித்த வழி. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு சோதனைச்சாவடி, சந்தன மரங்களின் மறையூர். மறையூரைத் தாண்டி ஏற ஏற, தேயிலை தொடங்கிவிடும்.

இங்கே வந்த ஸ்காட்லாந்துக்காரர் வேறு ரகம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மூணாறைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளை, 227 சதுர மைல், ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்க் குத்தகைக்கு எழுதி வாங்கினார். கொஞ்ச காலத்தில் மலை கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி கைக்குப் போனது; 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி பதிவானது. 1707-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு இங்கிலாந்தோடு சேர்ந்தபோது, ஆங்கிலேயரின் கடல் வணிகம் முழுக்கத் திறந்துவிடப்பட்டது யாருக்கோ, அவர்களின் வாரிசுகள் இவர்கள். சேர்க்கைக்குப் பின் அடிபட்டவன் மலைநாட்டான். லாபம் பார்த்தவன் கிளாஸ்கோ வியாபாரி. ‘ஸ்காட்லாந்தை இங்கிலாந்து அடிமைப்படுத்தியது’ என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் மூணாறுக்கு ஒருமுறை வரலாம்.

காட்டை அழித்துத் தேயிலை நட்ட ஆட்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து வந்தார்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு போடி வழியாக மலை ஏறினார்கள். தேயிலைப் பெட்டிகளுக்கு டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட ஊர்தி ஓடியது. ஆளுக்குக் கால்தான்.

சாலையோரச் சரிவில் கொழுந்து வெட்டும் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது கையால் கிள்ளுவது குறைவு. பெட்டி பொருத்திய கத்திரியால் வெட்டி, முதுகுச் சாக்கில் கவிழ்க்கிறார்கள். இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் படுதா, காலில் ரப்பர் பூட்ஸ். ஒரு அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டேன். ‘இந்த ஊர்தான் தம்பி. தாத்தா காலத்துல சங்கரன்கோயில் பக்கமாம்’ என்றார், கத்திரியை நிறுத்தாமல்.

ஃபின்லே போய் டாட்டா வந்தது. 2005-இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களான புதுக் கம்பெனி வந்தது. 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்தபோது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் தமிழர்கள்.

மூணாறு போகிறவர்கள் தேயிலை மியூசியத்தில் பழைய இயந்திரங்களைப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். லயங்கள் பக்கமும் போய்ப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் அங்கே பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை பார்க்காவிட்டால், லயத்தைக் காலி செய்துவிட வேண்டியதுதான்.