மூச்சடைத்த எஞ்சின்

நாகூரைக் கடந்ததும் காரைக்கால் எல்லையில் அமைந்த கீழவாஞ்சூரில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எம் சித்தப்பா வாங்கிய ஃபைபர் படகு அரைமணி நேரம் சீறிப் பாயும், பிறகு தளரும். நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும். மெக்கானிக் முன்னிலையிலோ அது ஒருபோதும் தளர்ந்ததில்லை!

டீசலில் தண்ணீர் கலந்ததோ என வடித்துப் பார்த்தோம், வடிகட்டியை மாற்றினோம், நாசிலைப் புதுப்பிக்கக் கடனும் வாங்கினோம். "விற்றுத் தொலைப்போம், தம்பி" என்றார் சித்தப்பா.

ஒருநாள் வெட்டாற்று முகத்துவாரத்தில், அலை திரளும் இடத்திலேயே எஞ்சின் தளர்ந்தது. டீசல் தீர்ந்ததோ என்று பதறித் தொட்டியின் மூடியைத் திருகினோம். 'உஸ்'ஸென்று காற்று உட்புகுந்தது. எஞ்சின் முழுவேகம் கொண்டது. மூடியின் காற்றுத்துளையை உப்பும் அழுக்கும் அடைத்திருந்தன. டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதன் வரத்தைத் தடுத்திருக்கிறது. நிறுத்தியபோதெல்லாம் காற்று மெல்லக் கசிந்து புகுந்திருக்கிறது.

சித்தப்பா ஊசியால் துளையைக் குத்திவிட்டார். நாசிலுக்கு வாங்கிய கடன் தீரத்தான் மூன்று மாதமாயிற்று.