குறிஞ்சி என்னும் பெயர்

எம் குடியிற் பிள்ளைகட்குச் சிவபெருமான் திருநாமமோ அடியார் திருப்பெயரோ அன்றிப் பிறிதொன்று இட்டதில்லை. மகவை அழைக்குந்தோறும் அத்திருநாமம் நாவில் வருதல் வேண்டும் என்பதே முன்னோர் கருத்து. ஆகலின், கூக்காலில் மலைப்பூண்டு பயிரிட்டு வாழும் எம் மகன், 2018-ஆம் ஆண்டிற் பிறந்த தன் பெண்மகவுக்குக் ‘குறிஞ்சி’ என்று பெயரிடக் கருதியபோது யான் உடன்பட்டிலேன்.

தெய்வப் பெயரன்று என்பதே யான் வெளிப்படக் கூறிய தடை. உள்ளே மற்றொன்று இருந்தது. நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூத்து, வித்தினை ஈன்றபின் பட்டுப்போவது. எமக்கு முன்னரே ஒரு பெண்மகவு தவறியதுண்டு. பூத்து மடியும் செடியின் பெயரைப் பச்சிளங் குழவிக்கு இடுவதோ என்று நெஞ்சம் நடுங்கிற்று. அதனை மகனிடம் சொல்ல நாவெழவில்லை.

குழவியைக் காணப் புறப்பட்ட யான், கோடைக்கானலிற் குறிஞ்சி ஆண்டவர் திருமுன் நின்றேன். அக்கோயில் 1936-இல் எழுந்தது. எடுப்பித்தவர், மேனாட்டிற் பிறந்து சைவந் தழுவி, யாழ்ப்பாணத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனாரை மணந்த லீலாவதி அம்மையார். தொல்காப்பியனார் குறிஞ்சி நிலத்தைச் சேயோனுக்கு உரியதாக வகுத்தனர். இங்கோ நிலத்தின் பெயரே அவனுக்குத் திருப்பெயராயிற்று. புதுப்பெயர் பூண்ட ஓர் அம்மையார் எடுத்த கோயிலில், ஆண்டவன் பூவின் பெயரோடு நிற்கின்றான்! வேதாசலம் என்னும் பெயரை 1916-இல் மறைமலை என அடிகள் மாற்றியபோது அதுவும் புதிதே. இன்று சைவர் எவர்க்கேனும் அது புதிதாகத் தோன்றுமோ? என் முதல் தடை அங்கேயே அற்றது.

மற்றையது அற்றிலது. அவ்வாண்டு மலைச்சரிவுகள் நீலமாய்ப் பூத்திருந்தன. பூம்பாறையிற் குழந்தை வேலப்பரை வணங்கி, அடுக்கடுக்கான வயல்களைக் கடந்து கூக்கால் சேர்ந்தேன். மகவைக் கையில் வாங்கி, “குறிஞ்சி” என்று ஒருமுறை அழைத்தேன். கண் திறவாது உறங்கிற்று. பெயர் மட்டும் என் வாயில் தங்கிவிட்டது.

பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள், “இஃது ஊர்ப்பெயரா?” என்று வினவுகின்றனராம். “எங்கள் சாமி பெயர்” என்பாளாம் அவள். அவ்விடை யான் கற்பித்ததன்று.

மீண்டும் 2030-இற் பூக்கும் என்று தந்தை கூறக் கேட்டு, அப்போது தனக்குப் பன்னிரண்டு வயது என விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். “தாத்தா, தங்களுக்கு?” என்றாள். யானும் எண்ணிப் பார்த்தேன். “வருகிறேன்” என்று மட்டும் சொன்னேன்.