ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு

திருமழிசை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் உன் இன்சார்ஜ் சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார்கள். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"ஓ.பி.யில் கூட்டம் தாங்கவில்லை, இதற்கு நடுவில் புதிதாக டி.பி. என்று வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஐந்து கட்டத்தையும் நிரப்பச் சொல்கிறார்கள். ஆராய்ச்சி செய்ய வேண்டியவர்கள் செய்துகொள்ளட்டும், நமக்கு எதற்கு சித்தி?" என்றாய். அலுப்பில் சொன்னது என்று விட்டிருப்பேன். அடுத்துச் சொன்னதுதான் மனதை அறுக்கிறது. மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் எல்லாருக்கும் 20 என்று போட்டுவிடுகிறார்கள், நானும் அப்படியே போட்டுவிடட்டுமா என்றாயே.

போடாதே பாப்பா.

நான் சர்வீஸில் இருந்தபோது வார்டில் பட்டறைத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். கேஸ் ஷீட்டில் காலை 20, மதியம் 20, இரவு 20. நைட் டூட்டிக்கு வந்து நான் எண்ணினேன். 34. கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. பேச முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஆக்சிஜன் வைத்து, டாக்டரை எழுப்பி, விடிவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான்காம் நாள் போய்விட்டார் என்று தகவல் வந்தது. அவர் மனைவி துணிப்பையை எடுத்துப்போக வந்தபோது, இங்கே இருந்தவரை நல்லாத்தானே இருந்தார் என்று கேட்டாள். நல்லா இருந்ததாகத்தான் நம் ஷீட்டும் சொன்னது.

அந்த ஐந்து கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று உனக்கு யாராவது சொன்னார்களா? காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று 2022 ஏப்ரலில் நம் மாநிலத்தில் தொடங்கினார்கள். இங்கே அம்பத்தூரை ஒட்டி அயப்பாக்கத்தில் இருக்கிறதே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், அவர்களும் மாநில டி.பி. பிரிவும் சேர்ந்து செய்வது. டி.பி.யில் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். மாத்திரை வேலை செய்ய அவகாசமே இருப்பதில்லை. அதனால் நோய் தெரிந்த அன்றைக்கே, யார் தாங்க மாட்டார்கள் என்று பிரித்தெடுத்து அட்மிட் செய்ய வேண்டும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று காத்திராமல், எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் ஒரு நர்ஸ் பார்த்துவிடக்கூடிய ஐந்தை எடுத்துக்கொண்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ., கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பது. மூச்சு 24ஐத் தாண்டினால், ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால், பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால், 16 வரை இருந்தும் இரண்டு காலும் வீங்கியிருந்தால், தானாக நிற்க முடியாவிட்டால், அவர் வீட்டுக்குப் போகக் கூடாதவர். 28 இருக்கிறவருக்கு நீ 20 என்று எழுதினால், மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

பி.எம்.ஐ. 14 என்றால் எப்படி இருப்பார்கள் தெரியுமா? ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக, 150 சென்டிமீட்டர் இருக்கிற ஒரு பெண் முப்பத்தொன்றரைக் கிலோ. நம் பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையன் அளவு. புடவை மறைத்துவிடும். பார்த்து யூகிக்காதே, செருப்பையும் பையையும் கழற்றி வைக்கச் சொல்லி எடை போடு.

மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணாதே. சொன்னாலே மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொள், கண் மட்டும் நெஞ்சில் இருக்கட்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம், ஒன்று தவறினாலும் நாலு தவறிவிடும். முழு நிமிஷம் எண்ணு. அவர் படி ஏறி வந்திருந்தால் முதலில் உட்கார வை. கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துச் சில விநாடி அழுத்திப் பிடி, எடுத்ததும் குழி நிற்கிறதா பார். இரண்டு காலிலும் பார். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால், கை ஜில்லென்று இருந்தால், ஆக்சிமீட்டர் சொல்வதை அப்படியே நம்பாதே. வேறு விரலில் போட்டுப் பார், கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பார்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருகிறேன். 2022 ஜூலையிலிருந்து 2023 ஜூன்வரை நம் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளில் டி.பி. கண்டறியப்பட்ட ஏறக்குறைய 56,000 பேரின் விவரத்தை வைத்துத்தான், ஒருவருக்குச் சாவு ஆபத்து எவ்வளவு என்று கணிக்கும் முறையை அயப்பாக்கத்தில் உருவாக்கினார்கள். 2025இல் அதை ஊழியர்கள் பயன்படுத்தும் செயலியிலேயே சேர்த்துவிட்டார்கள். மிகவும் முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு ஆபத்து நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பதுவரை, மற்றவர்களுக்கு ஒன்றிலிருந்து நாலு என்று அது காட்டுகிறது. அந்த விவரமெல்லாம் அயப்பாக்கத்தில் உட்கார்ந்து எழுதியதா? உன்னைப் போல ஓ.பி. நெரிசலில் நின்றவர்கள் அளந்தது. அவர்கள் எல்லாருக்கும் 20 போட்டிருந்தால் அந்தக் கணக்கும் 20தான் சொல்லும்.

சென்னை சேத்துப்பட்டில் நடந்ததையும் தெரிந்துகொள். 1956இல் அங்கே ஒரு டி.பி. ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமை. சானடோரியம் என்ற டி.பி. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தால்தான் பிழைப்பு என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகளை எடுத்து, குலுக்கிப் போட்ட மாதிரி பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு பக்கமும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலோ அதே ஒற்றை அறை, அதே கஞ்சி. 1959இல் வெளியான முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இன்றைக்கு டி.பி. என்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தைரியத்தின் பெரும்பங்கு சேத்துப்பட்டிலிருந்து வந்தது.

மருந்தை நிஜமாகவே சாப்பிட்டார்களா என்பது தெரியாவிட்டால் அந்த முடிவுக்கு என்ன மதிப்பு? ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கி வந்து மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். சந்து சந்தாக ஏறி இறங்கிய அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஃபாக்ஸ் பெயர் மட்டும் தெரிகிறது. அது எனக்கு வருத்தம்தான்.

கொரோனா சமயம் உனக்கு நினைவிருக்கும். கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை 2020 மே மாதம் நம் ஊருக்குத்தானே மாற்றினார்கள். அப்போது கொரோனாவிலிருந்து குணமானவரின் பிளாஸ்மாவைக் கொடுத்தால் பிழைத்துவிடுவார் என்று குடும்பங்கள் ஊரெல்லாம் ஆள் தேடி அலைந்தன. அதே மாதங்களில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரை வைத்துச் சோதித்தது. பிளாஸ்மா சாவைக் குறைக்கவில்லை, நோய் முற்றுவதையும் தடுக்கவில்லை. அடுத்த மே மாதம் சிகிச்சை விதிமுறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு அளந்தவர்கள் சரியாக எழுதியதால்தான், பலனில்லாத ஒன்றைத் தேடி ஜனங்கள் அலைவது நின்றது.

வேலை அதிகம் என்று நீ சொல்வது முழுக்க நியாயம். இரண்டு பேர் பார்க்கும் வேலையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் படிவத்தையும் நீட்டினால் அவள் 20 போடத்தான் செய்வாள். அதற்குக் கட்டத்தைப் பொய்யாக நிரப்புவது பதில் இல்லை. எண்ண முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடு, ஏன் விட்டாய் என்று பக்கத்தில் எழுது. ஒரு மாதக் காலிக் கட்டங்களைக் காட்டி ஆள் கேட்கலாம். 20 போட்டு நிரப்பிய தாளைக் காட்டி என்ன கேட்பாய்?

உயரம் அளக்கிற ஸ்டாண்டு உடைந்திருக்கிறது என்றாய். இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாயால் சொல்லாதே, எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள். வரும்வரை தையல்கார டேப்பைச் சுவரில் நேராக ஒட்டி, தலைமேல் அட்டையை வைத்து அளக்கலாம். டேப் உன் அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் ரெண்டு இருக்கும், அடுத்த முறை போகும்போது எடுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. டி.பி. வார்டில் மாஸ்க்கைக் கழற்றாதே.

அன்புடன்
சித்தி