கான்ஹேரிக் குன்றில் ஒரு நாள்

பெருநகரங்களில் பூங்காக்கள் இருப்பது இயல்பு. காடு இருப்பது அரிது. அக்காட்டில் சிறுத்தைகள் உலவுவது அதனினும் அரிது. மும்பை மாநகருக்கு அப்பேறு வாய்த்திருக்கிறது. நகரின் வடபால் ஏறத்தாழ 104 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. பெயரளவில் பூங்காவே ஆயினும், மலையும் காடும் அருவியும் ஏரியும் கூடிய வனமே அது. அதன் மூன்று புறங்களிலும் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன.

2024ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் 32 பேர் அங்குச் சென்றோம். அவர்களுள் 18 பேர் பள்ளி மாணவர்கள். எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவரும் வந்திருந்தார். "மலையேற உங்களால் இயலுமா, ஆச்சி?" என்று ஒருவர் கேட்டார். "பாபநாசத்து மலையில் விறகு பொறுக்கிய கால் இது" என்றார் ஆச்சி. அதன்பின் அதுபற்றி எவரும் பேசவில்லை. மாஹிம் நிலையத்தில் மின்சார இரயிலேறி, ஒரு மணி நேரத்திற்குள் போரிவலியை அடைந்தோம். அங்கிருந்து பூங்காவின் வாயில் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது.

வாயிலைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதும் நகரத்தின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. தேக்கும் கடம்பும் இலவும் இருமருங்கும் ஓங்கி நின்றன. மழைக்காலம் முடியும் தறுவாய். ஆதலின் பாறைகளெல்லாம் பாசி படர்ந்து பசுமையாய் விளங்கின. கிளைகளில் கருமுக மந்திகள் தம் நீண்ட வாலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தன. புதர்களுக்கிடையே புள்ளிமான்கள் தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கின. துடுப்புவால் கரிச்சான் ஒன்று வேறு பறவைகளின் குரலையெல்லாம் மாறி மாறி எழுப்பியது. ஒரே பறவை பல பறவைகளாய் ஒலித்தமையால், எங்கே ஒளிந்திருக்கின்றன அத்தனையும் என்று சிறுவர்கள் தேடிச் சலித்தனர்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அவ்வனத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; வார்லிப் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் மராத்தியில் கூறியதை மாணவர்களே தமிழில் பெயர்த்துச் சொன்னார்கள். எல்லாருடைய மனத்திலும் இருந்த கேள்வியை ஒரு சிறுமி கேட்டாள்: "சிறுத்தை வந்தால் என்ன செய்வது?"

"அது எப்பொழுதும் இங்கேதான் இருக்கிறது, அம்மா. நீங்கள்தாம் இன்று வந்திருக்கிறீர்கள்" என்றார் அவர்.

2015ஆம் ஆண்டில் தானியங்கி நிழற்படக் கருவிகளைக் கொண்டு கணக்கெடுத்தபோது, இவ்வனத்திலும் அதன் சுற்றுப்புறத்திலுமாக 35 சிறுத்தைகள் இருப்பது தெரிந்தது. மான்களோடு, வன ஓரத்தில் திரியும் தெருநாய்களும் அவற்றுக்கு இரையாகின்றன. குப்பை குவியுமிடத்தில் நாய் பெருகும். நாய் பெருகுமிடத்திற்குச் சிறுத்தை வரும். 2004ஆம் ஆண்டில் சிறுத்தைகளால் மனிதர் பலர் உயிரிழந்த கொடுமையும் இங்கு நேர்ந்தது. பிடித்து வேறிடத்தில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்று அக்காலத்தில் பலரும் எண்ணினர். ஆனால் புனே மாவட்டத்தின் ஜுன்னார்ப் பகுதியில் அவ்வாறு செய்தபின், விடப்பட்ட இடங்களின் அருகே தாக்குதல்கள் மிகுந்தன என்பதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பழகிய நிலத்தை இழந்த விலங்கு தடுமாறுவதில் வியப்பென்ன? வார்லி மக்களோ சிறுத்தையையும் புலியையும் வாகோபா என்னும் தெய்வமாக வணங்குகிறார்கள். இருட்டியபின் தனியே செல்லாமை, குழந்தைகளைக் கண்பார்வையில் வைத்திருத்தல் ஆகியவற்றை அவர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

வாயிலிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் கடந்து கான்ஹேரியை அடைந்தோம். கிருஷ்ணகிரி என்னும் சொல்லே கான்ஹேரி எனத் திரிந்தது என்பர். கரிய மலை என்பது பொருள். பெயருக்கேற்ப, எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறை அது. அதனைக் குடைந்து புத்தத் துறவிகளுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளை அமைத்திருக்கிறார்கள். கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கிய இப்பணி பல நூற்றாண்டுகள் நடைபெற்றது. மூன்றாம் குகையின் முகப்பில் இருபுறமும் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரத்தில் புத்தர் நிற்கிறார். அண்ணாந்து பார்த்த சிறுவர்கள் சிறிது நேரம் பேச்சற்று நின்றனர். அது எங்கள் குழுவில் அபூர்வமான நிகழ்ச்சி.

என்னைக் கவர்ந்தவை அச்சிலைகளினும் நீர்த்தொட்டிகளே. பெரும்பாலான குகைகளின் முற்றத்தில் பாறையிலேயே வெட்டிய தொட்டி ஒன்று உண்டு. கூரைபோல் சரிந்த பாறையின் மேல் விழும் மழைநீர், விரலகல வாய்க்கால்கள் வழியே வழிந்து தொட்டியில் நிறைகிறது. இந்நிலத்தில் மழை ஆனி முதல் புரட்டாசி வரையே பெய்யும். எஞ்சிய எட்டுத் திங்களும் வானம் வறண்டிருக்கும். நான்கு திங்கள் மழையைப் பன்னிரண்டு திங்களுக்குச் சேமித்த அறிவு அது. கல்யாண், சோபாரா முதலிய ஊர்களின் வணிகர்களும் பிறரும் குகையும் தொட்டியும் அமைத்துத் தந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

தொண்ணூறாம் குகையில் வேறொரு வகை எழுத்து உண்டு. 1009, 1021 ஆகிய ஆண்டுகளில் இங்கு வந்த பார்சியர் குழுவினர், பகலவி எழுத்தில் நாளையும் தம் பெயர்களையும் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் எங்களைப்போல் ஒரு கூட்டம் இம்மலையைக் காண வந்திருக்கிறது! "அவர்கள் எழுதினால் கல்வெட்டு; நாங்கள் எழுதினால் மட்டும் அபராதமா, சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்ததேயன்றி விடை வரவில்லை. ஆச்சிதான், "நீ ஆயிரம் வருஷம் கழித்து வந்து கேள்" என்றார்.

பிற்பகலில் வழிகாட்டி எங்களைக் குகைகளுக்கு மேலுள்ள பாதையில் அழைத்துச் சென்றார். சரிவு முழுதும் கார்விச் செடிகள் ஊதா நிறப் பூக்களோடு நின்றன. நம் மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கு இது நெருங்கிய உறவு. கார்வி எட்டாண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை முதிர்ந்தபின் மடிந்துவிடும். 2016க்குப் பின் 2024இல் பூத்தது, இனி 2032இல். அப்பொழுது தமக்கு என்ன வயதாகும் என்று மாணவர்கள் கணக்கிடலாயினர். ஆச்சி மட்டும் கணக்கிடவில்லை. ஒரு பூவைப் பறிக்காமல் தொட்டுப் பார்த்தார்.

உச்சியிலிருந்து நோக்கியபோது காட்டின் நடுவே விஹார் ஏரி வெள்ளித் தகடுபோல் மின்னியது. கிணறுகளையும் குளங்களையும் நம்பித் தவித்த பம்பாய் நகருக்குக் குழாய் வழியே முதன்முதல் நீர் தந்தது இவ்வேரி. 1860இல் கட்டி முடிக்கப்பட்டது. துளசி ஏரி 1879இல் அமைந்தது. ஏரிக்கு நீர் வரும் சரிவுகளைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டியிருந்தமையால், அங்கே வீடுகள் எழவில்லை, மரங்கள் நின்றன. இன்று நகரின் தண்ணீரில் பெரும்பகுதி தொலைவிலுள்ள வேறு ஏரிகளிலிருந்து வருகிறது. எனினும் இக்காடு பிழைத்திருப்பதற்கு அன்றைய குடிநீர்த் தேவை ஒரு பெருங்காரணம். குடைந்த தொட்டியும் கட்டிய ஏரியும் ஒரே மழையைத்தான் பிடித்து வைக்கின்றன.

"ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்?" என்று ஆச்சி கேட்டார்.

"மித்தி ஆற்றில் போகும், ஆச்சி. நம் தாராவி ஓரமாக ஓடி மாஹிம் கழிமுகத்தில் சேரும் ஆறு" என்றேன்.

அவர் சிறிது நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரைபுரண்டது. அன்று இடுப்பளவு நீரில் பேரனைத் தோளில் சுமந்துகொண்டு இரவு முழுதும் நின்றவர் அவர்.

"இந்தத் தண்ணீர்தானா அது?" என்றார்.

"இதுவும் உண்டு. ஆனால் ஆற்றை நெருக்கி எழுப்பிய கட்டடங்களும், அதில் கொட்டிய குப்பையும், அந்நேரம் பொங்கிய கடலும் சேர்ந்து செய்த வேலை அது. இந்தக் காடு பிடித்து வைத்ததுபோக வந்ததுதான் ஆற்றுக்கு வந்தது" என்றேன்.

"இதுவும் இல்லாதிருந்தால்?" என்றார் ஆச்சி. அக்கேள்வியைத் தமிழறியாத வழிகாட்டிக்கு ஒரு மாணவன் மராத்தியில் சொன்னான். அவர் எங்களை நோக்கிக் கைகூப்பினார். பிறகு, பொழுது சாய்வதைச் சுட்டிக்காட்டி எங்களை விரைவுபடுத்தினார். சிறுவர்களை நடுவில் விட்டு, பெரியவர்கள் முன்னும் பின்னுமாக இறங்கினோம். சிறுத்தையை நாங்கள் காணவில்லை. அது எங்களைக் கண்டிருக்கக்கூடும்.